வெயிலாட்சியின் விக்கல்

வெள்ளித்தட்டு என்று பெயரே தவிர எங்கள் ஊரில் வெள்ளியும் கிடையாது, தட்டும் கிடையாது, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே கண் கூசுகிற உப்பளமும் அதன் ஓரத்தில் ஓடு போட்ட லைன் வீடுகளும்தான் உண்டு. அந்த லைனின் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்த வெயிலாட்சிக்குப் பிறந்த அன்றிலிருந்தே ஒரு விக்கல் கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் விக்கல் வரும், போகும். இவளுக்கு மற்றதெல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் மிச்சம் நின்று, வெளியே போகலாமா வேண்டாமா என்று தொண்டையில் தவித்துக்கொண்டே இருக்கும், அந்தத் தவிப்பில் அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள், உட்கார மாட்டாள், நல்லது சொன்னாலும் சுள்ளென்று எரிந்து விழுவாள். தண்ணீர் குடித்தால் விக்கல் நிற்கும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. வெயிலாட்சி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே தோல் சுர்ரென்று புகையும், நாலு சொட்டுப் பட்டால் தீப்பிடித்தவள் மாதிரி அலறிக்கொண்டு ஓடுவாள், அதனால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெயைத் தடவிக்கொண்டு, மோரையும் பதநீரையும் குடித்துக்கொண்டு, மழை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு காலத்தை ஓட்டினாள். மோரில் தண்ணீர் இல்லையா என்று நாங்களும் கேட்டோம், அதற்கும் எரிந்து விழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் விக்கலுக்கு ஒரு வைத்தியம் உண்டு. விக்குகிறவர் முன்னால் திடீரென்று போய் நின்று ஒரு திருட்டைச் சுமத்த வேண்டும், நீதானே என் வீட்டு அரிசியை அள்ளியது என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், கேட்டால் பதறுகிற பதற்றத்தில் விக்கல் ஓடிப்போகும். வெயிலாட்சிக்கு இந்த வைத்தியத்தைச் செய்யாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. கொலுசு, சேவல், வெண்கலப் பானை, மாதா கோயில் உண்டியல், கடைசியில் துறைமுகத்தில் நின்ற கப்பல்வரை அவள் தலையில் சுமத்திவிட்டோம், எல்லாம் அவள் நன்மைக்காகத்தான். அவள் பதறுவதை எப்போதோ விட்டுவிட்டாள். நாங்கள்தான் சொல்லிச் சொல்லி, சொன்னதை எங்களை அறியாமல் பாதி நம்பிவிட்டோம், அவள் வீட்டைத் தாண்டிப் போகிறபோது யாராயிருந்தாலும் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கும்.

மோட்டார் ஷெட்டில் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற குருசுமுத்துவுக்கு எல்லாம் இருந்தும் ஒன்று குறைவாக இருந்தது. என்ன குறைகிறது என்று அவனுக்கும் தெரியாது. வாய் எப்போதும் பாதி திறந்தே இருக்கும், எதைப் பார்த்தாலும் கேட்பான், ஒரு பீடி, ஒரு தீக்குச்சி, ஒரு வாய்க் கஞ்சி என்று கேட்டு வாங்கி, வாங்கியதும் இது இல்லை என்கிற முகத்தோடு திருப்பித் தந்துவிடுவான். அவன் பக்கத்தில் நின்றால் கண் எரியும், மூச்சை அடைக்கும், அவன் கைபட்ட சேலையில் சாயம் நிற்காது. சுருக்கமாகச் சொன்னால் இரண்டு பேருமே தனியாக இருந்தால் சகிக்க முடியாத பிறவிகள், இரண்டு பேரையும் நாங்கள் தூரத்தில்தான் வைத்திருந்தோம்.

ஒரு பங்குனி மத்தியானம் மோட்டார் ஷெட்டு நிழலில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வெயிலாட்சி வழக்கம்போல் விக்கினாள், ஆனால் விக்கல் அன்றைக்கு உள்ளே திரும்பிப் போகவில்லை. கடுகளவு இருந்தது, வெள்ளையாக இருந்தது, அவள் உதட்டைத் தாண்டி வந்து தூக்குச்சட்டிகளுக்கு மேலாக யாருடைய தலையிலும் இடிக்காமல் போய், எதிரே சுவரில் சாய்ந்திருந்த குருசுமுத்துவின் திறந்த வாய்க்குள் நுழைந்தது. அவன் ஒரு தடவை விக்கினான். பிறகு வாயை மூடினான், அவன் உதடுகள் ஒன்றையொன்று தொட்டதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். வெயிலாட்சி கஞ்சியை நிதானமாகக் குடித்து முடித்து, சட்டியைக் கவிழ்த்துவைத்து, எழுந்து வேலைக்குப் போனாள்.

விக்கல் பறந்ததைப் பற்றி எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, உப்பளத்தில் வெயில் என்னென்னவோ காட்டும். எங்களுக்கு வந்தது சந்தேகம்தான். அவள் பாத்திக்குப் போனதும் குருசுமுத்து கயிறு கட்டி இழுத்தாற்போல் பின்னாலேயே போனான், அவன் மோட்டாரை நிறுத்த ஷெட்டுக்குத் திரும்பியபோது அவள் உப்பு வாருகிற பலகையோடு அவன் பின்னால் வந்தாள். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, நடுவில் எப்போதும் ஒரு பலகை அகலம் இடைவெளி இருந்தது, அந்த இடைவெளி ஒரு விரற்கடை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவன் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் எரியவில்லை. அவளிடம் ஏச்சு வாங்கலாம் என்று ஆசையாகப் போனவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். இத்தனை நாள் பொல்லாதவர்களாக இருந்த இரண்டு பேர் ஒரே மத்தியானத்தில் நல்லவர்களாகிவிட்டால் அதில் என்னவோ இருக்கிறது என்றுதானே எவருக்கும் தோன்றும்.

எங்கள் கங்காணி பூதத்தான் சொந்த வீட்டுக் கதவையே சாவித்துவாரம் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திறக்கிற மனிதர். மறுநாள் காலையில் வெயிலாட்சியை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்.

"ஏட்டி, உன் விக்கல அவன் எடுத்தானா, இல்ல நீ குடுத்தியா?"

"எடுக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல அண்ணாச்சி. அது போகணும்னு நின்னுச்சு. அவன்ட்ட எடம் இருந்துச்சு."

"உன் பொருளு போயிருக்கு. திருப்பித் தான்னு கேக்க மாட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? நேத்துத்தான் மொத மொதலாத் தூங்குனேன்."

பறிகொடுத்தவள் அழவில்லை என்றால் அது பறிகொடுத்தது இல்லை, வேறு ஏதோ கொடுக்கல் வாங்கல் என்று கங்காணி முடிவு கட்டினார். இவளுக்கும் அவனுக்கும் தொடர்பு இருப்பது ருசுவானால் கடைசி வீட்டைக் காலி செய்துகொண்டு வெயிலாட்சி அளத்தை விட்டே போய்விட வேண்டும் என்றார். அந்த வீடு போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அவள் அம்மா அந்த வீட்டுத் தரையில்தான் அவளைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள், இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தரை ஒன்றுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே விக்கல் ஊரெங்கும் பரவிவிட்டது. எங்களில் பாதிப் பேருக்கு ஒன்று கூடுதலாக இருந்ததும் மீதிப் பேருக்கு ஒன்று குறைவாக இருந்ததும் அதுவரை எங்களுக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் ஒருத்தி விக்குவாள், சாயங்காலத்துக்குள் அது எங்கேயோ போயிருக்கும், எங்கே போனது என்று அவளும் சொல்ல மாட்டாள், வாங்கியவனும் சொல்ல மாட்டான். கங்காணியின் மனைவி சொர்ணக்கிளி ஒரு காலை தோசை சுடும்போது விக்கினாள், கங்காணி அளத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் விக்கல் இல்லாமல் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தாள். யாருக்குக் கொடுத்தாய் என்று அவர் கேட்க, கொடுத்தது தெரியும், யாருக்கென்று பார்க்கவில்லை என்று அவள் சொல்ல, அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. கங்காணி அந்த நாட்களில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தார். உப்புத் தூசி என்று சொன்னார், நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

பிறகு வரிசை வந்தது. யாரும் சொல்லாமலே, காலையில் வேலைக்கு நிற்கும்போதும், குழாயடியிலும், மாதா கோயில் பூசையிலும், அம்மன் கோயில் கொடை விழாவிலும், கொடுத்தவருக்குப் பக்கத்தில் வாங்கியவர், வாங்கியவருக்குப் பக்கத்தில் கொடுத்தவர் என்று மாறி மாறி நின்றோம். கொடுத்தவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் காற்றுத் தள்ளினாற்போல் விலகிப்போவார்கள், வாங்கியவர்களும் அப்படியே. உப்புச் சுமந்து, அதை அம்பாரமாகக் குவிக்கிற தட்டுமேட்டுப் படியில் ஏறும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இடம் வலம் ஒவ்வொருவர், மேல்படியில் ஒருவர், கீழ்படியில் ஒருவர் என்று ஆறு பக்கமும் பிடித்தாற்போல் இருக்கும், பிடித்த கை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சுமை கனக்கவில்லை, கால் வழுக்கவில்லை, அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எந்தக் காலத்திலும் வேலை பார்த்ததில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவள் கொடுத்தது யாருக்கு, எதிரே நிற்கிறவன் வாங்கியது யாரிடம், என் புருஷன் முகம் ஏன் தெளிந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் மற்றவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருத்திக்கு ஒருவன் என்று ஜோடி இருந்தே தீரும் என்பதில் மட்டும் இந்துவுக்கும் வேதக்காரருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பனங்காட்டுக் கருப்பட்டிக்காரர்கள் வந்து ஒரு யோசனை சொன்னார்கள். அவர்கள் வேறு மாதிரி ஆட்கள், இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு மாட்டை வாங்கி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைத்துக் கறப்பார்கள், யாரும் யாருக்கும் முழுசாகக் கொடுப்பதும் கிடையாது, வாங்குவதும் கிடையாது. வெயிலில் நிறுத்துங்கள், சூடு ஏறினால் எந்தப் பிடிப்பும் இளகிவிடும், நாங்கள் பார்க்காததா என்றார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கங்காணி எங்களைத் தட்டுமேட்டில் வரிசையாக நிறுத்தினார். யோசனை சொன்னவர்கள் கொண்டுவந்த கருப்பட்டி ஓலைப்பெட்டிக்குள்ளேயே உருகி ஒழுகியது, ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்தது, மாதா கோயில் மெழுகுவர்த்திகள் தலை குனிந்தன, நாங்கள் மட்டும் ஒரு அடி நகரவில்லை. இதற்கெல்லாம் இளகுவதென்றால் அடுப்புக்குள்ளே தூக்கிப் போட வேண்டும் என்று கருப்பட்டிக்காரர்களே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் உப்பைச் சோதிப்பதற்காக ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிற எஸ்கலினைக் கங்காணி பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், சிரித்தாள், பிறகு நீங்கள் எல்லோரும் உப்பாகிவிட்டீர்கள் என்றாள். சோடியம் என்று ஒரு உலோகம், கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மிருது, தண்ணீர் பட்டால் எரியும், எண்ணெய்க்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் அதன் வெளி ஓரத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான் நிலை கொள்ளாமல் நிற்கிறது. குளோரின் என்று ஒரு வாயு, மூச்சை அடைக்கும், சாயத்தை வெளுக்கும், ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு எலக்ட்ரான் குறைகிறது. சோடியத்தின் அந்த எலக்ட்ரான் குளோரினிடம் போனதும் இரண்டும் அமைதியாகிவிடுகின்றன, கொடுத்தது நேர்மின், வாங்கியது எதிர்மின் என்று ஆகி ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, எரிகிறதும் மூச்சை அடைக்கிறதும் சேர்ந்ததைத்தான் தினமும் கஞ்சியில் போட்டுக் குடிக்கிறீர்கள் என்று விளக்கினாள். கங்காணிக்கு இதெல்லாம் வேண்டாம், ஜோடி யார் யார் என்று தெரிந்தால் போதும்.

"ஜோடியே கெடையாது அண்ணாச்சி," என்றாள் எஸ்கலின். "இந்த சோடியத்துக்கு இந்தக் குளோரின்னு உப்புக்குள்ள எதுவும் எழுதி வைக்கல. ஒண்ணச் சுத்தி ஆறு நிக்கும், அந்த ஆறுல ஒவ்வொண்ணச் சுத்தியும் ஆறு நிக்கும். யாரு யாரப் பிடிச்சிருக்கான்னு கேட்டா, எல்லாரும் எல்லாரையும்."

இதை யார் நம்புவார்கள். அந்தப் பெண்ணும் யாரிடமோ கொடுத்திருப்பாள், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். போகிறபோது அவள் ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். உப்புக் கல்லைத் தட்டினால் அது வளையாது, நசுங்காது, நேர்கோடாக உடையும், காரணம் ஒரு வரிசை ஓரிடம் தள்ளி நகர்ந்தாலும் கொடுத்ததற்கு எதிரே கொடுத்தது, வாங்கியதற்கு எதிரே வாங்கியது என்று வந்துவிடும், வந்தால் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளிவிடும், ஆகையால் தயவு செய்து யாரும் வரிசையை நகர்த்திவிடாதீர்கள் என்றாள். நாங்கள் அதை எச்சரிக்கையாகக் கேட்டோம். கங்காணி வழிமுறையாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசையில் நின்றபோது வெயிலாட்சியோடு அவள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஓரிடம் தள்ளி நிற்க வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார், சொன்னால் கேட்கிற ஜனங்கள் நாங்கள், நகர்ந்தோம். அம்மியில் உப்புக் கல் உடைகிற சத்தம் கேட்டது. மோட்டார் ஷெட்டில் தொடங்கி, லைன் வீடுகளின் நடுவே புகுந்து, ரோடுவரை ஒரு நேர்கோடு விழுந்தது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பக்கமும் குப்புற விழுந்தோம். எழுந்து பார்த்தால் ஊர் இரண்டாக இருந்தது. கோட்டைத் தாண்டிப் போக முடியவில்லை, கிட்டே போனாலே நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பந்தல் போட்டிருந்த கல்யாணம் ஒன்று நின்றது, மாப்பிள்ளை கிழக்கே, பெண் மேற்கே. கங்காணி மேற்கே விழுந்தார், அவர் மனைவி சொர்ணக்கிளி கிழக்கே விழுந்தாள். யாரைப் பிரிக்க இத்தனையும் செய்தாரோ அந்த வெயிலாட்சியும் குருசுமுத்துவும் கிழக்கே ஒரே பக்கத்தில், அதே பலகை அகலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கத்தார் மறுபடி ஓரிடம் நகர்ந்து பார்க்கலாம் என்று எஸ்கலின் சொல்லியனுப்பினாள். யார் நகர்வது என்பதில் கோடைகாலம் முழுவதும் போனது. மாதங்கள் போகப் போக, ஊர் உடைந்ததற்குக் காரணம் உத்தரவு போட்டவர் இல்லை, விக்கலைக் கொடுத்தவள்தான் என்று இரண்டு பக்கத்தாரும் ஒரு முடிவுக்கு வந்தோம், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நடுவில் கோடு இல்லை. ஐப்பசி மழை விழுவதற்குள் வெயிலாட்சி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கங்காணி மேற்கிலிருந்து கத்தினார். மழை விழுந்த பிறகு அவளால் வெளியே கால் வைக்க முடியாது, ஈரத்தில் எரிந்தே போவாள் என்பது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தெரிந்தும் நான் போய் அவள் பக்கத்தில் நிற்கவில்லை.

மழை முந்திக்கொண்டது. வெயிலாட்சி பாயையும் பானையையும் எண்ணெய்ப் போத்தலையும் மூட்டையாகக் கட்டி, வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிய சாயங்காலம் மேகம் கறுத்தது. தட்டுமேட்டில் அந்த வருஷத்து உப்பு முழுவதும் மூடாமல் அம்பாரமாகக் கிடந்தது, கரைந்தால் இரண்டு பக்கத்தாருக்கும் கஞ்சி இல்லை, ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லோரும் பனையோலைக் கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் துளி அவள் தோளில் விழுந்தது. நாங்கள் ஓடிய கால் அப்படியே நின்றது, உப்பு கரைந்தாலும் கரையட்டும் என்று அவளையே பார்த்தோம், இப்போது புகையும், இப்போது எரியும் என்று பார்த்தோம். எண்ணெய் வழிந்து இறங்கியது. அதன் மேல் மழை வழிந்து இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், பிறகு மெதுவாகத் திறந்தாள், உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, நிரம்பியதும் ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி இப்படியா இருக்கும்," என்றாள். "குளுந்துல்ல கெடக்கு."

அழுதாளா என்று கேட்டால் மழையில் தெரியவில்லை, நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவள் மூட்டையை ரோட்டிலேயே போட்டுவிட்டுக் கீற்றைத் தூக்கிக்கொண்டு தட்டுமேட்டுக்கு வந்தாள்.

தண்ணீர் ஏறியது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் முழங்கால்வரை ஏறி, ஒவ்வொருவரையும் சுற்றி வந்து நின்று, ஒருவரை ஒருவர் பிடித்திருந்த பிடியையெல்லாம் சத்தமில்லாமல் தளர்த்திவிட்டது. அடுப்புக்குள்ளே போட்டால்தான் இளகும் என்று கருப்பட்டிக்காரர்கள் சொன்ன பிடி அது. நேர்கோடும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. கொடுத்தவர்கள் கொடுத்தவர்களாகவும் வாங்கியவர்கள் வாங்கியவர்களாகவும்தான் இருந்தோம், ஆனால் யாரும் யார் பக்கத்திலும் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவரவர் போக்கில் போனோம், வந்தோம். அந்த நேரம் பார்த்து மோட்டார் ஷெட்டில் குருசுமுத்து பழைய லாரி பேட்டரியில் இழுத்திருந்த பல்பின் வயர் காற்றில் அறுந்தது, அறுந்த முனை ஒன்று தட்டுமேட்டுக்கு வடக்கே தண்ணீரில் விழுந்தது, மற்றது தெற்கே விழுந்தது. இருட்டிவிடும், கீற்றால் மூட முடியாது என்று நினைத்தோம். கொடுத்தவர்கள் ஒரு முனையைப் பார்த்தும் வாங்கியவர்கள் மறு முனையைப் பார்த்தும் தண்ணீருக்குள் நடக்க ஆரம்பித்தோம், ஏன் என்று கேட்காதீர்கள், கால் போனது, நாங்கள் நடக்க நடக்க அறுந்த வயரில் பல்பு எரிந்தது. வரிசையில் இறுகி நின்ற நாட்களில் பக்கத்து ஆளின் மனசிலிருந்து ஒரு வார்த்தைகூட எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. அன்றைக்கு வடக்கு முனையில் ஒருத்தி பெருமூச்சு விட்டால் தெற்கு முனையில் இருந்தவனுக்குத் தெரிந்தது.

கங்காணி அம்பாரத்தின் உச்சியில் நின்று அந்த வெளிச்சத்தில் இரண்டு பேரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலாட்சி வடக்கே போனாள், குருசுமுத்து தெற்கே வந்தான், நடுத் தண்ணீரில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஒரு பார்வை, ஒரு முகக்குறி, அது போதும் அவருக்கு. அவள் கீற்றைத் தோள் மாற்றிக்கொண்டு கடந்து போனாள். அவன் வழியில் நின்ற என்னிடம் ஒரு பீடி இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் கடந்து போனான். அவர்களுக்குப் பின்னால் சொர்ணக்கிளி வந்தாள், வாங்கியவர்கள் அத்தனை பேரையும் ஒரே மாதிரி கடந்து போனாள்.

மழை விட்டு வெயில் அடித்துத் தண்ணீர் வற்றியபோது அவரவர் நின்ற இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது, மாறி மாறி, நேராக, ஆனால் பழைய ஆள் யாரும் பழைய ஆள் பக்கத்தில் இல்லை. குருசுமுத்து எங்கேயோ கடைசி வரிசையில் இருந்தான். வெயிலாட்சியின் இடது கைப் பக்கம், ஒரு பலகை அகலத்தில், அம்பாரத்திலிருந்து இறங்கி வந்திருந்த கங்காணி பூதத்தான் நின்றார். கூச்சப்பட்டு நகரப் பார்த்தார், முடியவில்லை, ஆனாலும் விசாரணையை விடவில்லை. வாயைப் பொத்தியிருந்த துண்டுக்குள்ளிருந்தே பேசினார். குருசுமுத்து வாங்கியதைத் திருப்பித் தரட்டும், வெயிலாட்சி தன்னுடையது என்று அடையாளம் சொல்லட்டும், சொன்னால் அவன் வாங்கினான் என்பது ருசு, அவள் வீட்டைக் காலி செய்யலாம் என்றார். குருசுமுத்து வாயைத் திறந்து காட்டினான். உள்ளே கடுகளவில், வெள்ளையாக இருந்தது. அவனைப் பார்த்து வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள், எல்லா வாயிலும் கடுகளவில், வெள்ளையாக இருந்தது. வெயிலாட்சி நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு வாயாக நிதானமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எது என்னுடையது என்று தெரியவில்லை என்றாள்.

திறக்காத வாய் ஒன்று மிச்சம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து ஊரே அவளுக்குச் செய்த வைத்தியத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இன்னொருவருக்குச் செய்தாள்.

"அண்ணாச்சி, என் விக்கலத் திருடுனது நீங்கதான?"

பூதத்தான் தன் ஆயுசில் எல்லோரையும் சந்தேகப்பட்டவர், அவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவர் பதறினார். துண்டு விழுந்தது, வாய் திறந்தது, ஒரு விக்கல் சத்தமாக வெளியே வந்து காற்றில் நின்று, திரும்ப உள்ளே போனது. கடுகளவில், வெள்ளையாக இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

யாரும் சிரிக்கவில்லை. நாலு வரிசை தள்ளி நின்ற சொர்ணக்கிளிதான் பேசினாள்.

"ஏங்க, அது என்னுதா இருந்தாலும் இருக்கும்," என்றாள். அவர் வாயை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இல்லாமலும் இருக்கும்," என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார், வெயிலாட்சியைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்ற ஆறு பேரையும் பார்த்தார், பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. வெயிலாட்சி சாயங்காலம் கடைசி வீட்டுப் பூட்டைத் திறந்து, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, அம்மா பெற்றுப்போட்ட தரையை முதல் தடவையாகக் கழுவிவிட்டாள்.

இத்தனையும் பார்த்தேன் என்கிறாயே, நீ எங்கே நின்றாய், கொடுத்தாயா வாங்கினாயா என்று கேட்பீர்கள், கேட்கிற முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதல்லவா, குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போங்கள்.